அண்டை வீட்டைப் பற்றிய ஒரு வினா

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்திய மக்களின் சமய வாழ்வைக் குறித்து 2021 ஜூன் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை ஏறத்தாழ 30,000 பேரை நேரில் கண்டு, 17 மொழிகளில் வினவித் தொகுத்த பெருமுயற்சி அது. தேர்தல் காலத்தில் ஒரே வாரத்தில் சமைத்துப் பரிமாறப்படும் கணிப்புகளோடு இதைச் சேர்த்து எண்ணுவது அநீதி. எனினும், ஒரு நூலைத் திறனாயும்போது சொற்களை நிறுத்திப் பார்ப்பது போல, கணிப்பின் வினாக்களையும் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

களப்பணி நடந்துகொண்டிருந்த 2019 டிசம்பரில்தான் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரில் ஆறு சமயத்தாருக்கு அது வழி திறந்தது. இஸ்லாமியர் பெயர் அதில் இல்லை. கிறிஸ்தவர் பெயர் இருந்தது. அந்த மாதங்களில் வாசற்படியில் நின்று வினவிய அந்நியரிடம் ஓர் இஸ்லாமியர் எவ்வளவு மனந்திறந்து பேசியிருப்பார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அறிக்கையின் இரண்டு எண்களை அருகருகே வைப்போம். உண்மையான இந்தியராக இருப்பதற்கு எல்லா மதங்களையும் மதிப்பது மிக முக்கியம் என்றோர் நூற்றுக்கு 84 பேர். இஸ்லாமியர் ஒருவரை அண்டை வீட்டாராக ஏற்க மாட்டோம் என்ற இந்துக்கள் நூற்றுக்கு 36 பேர். ஒரே பிற்பகலில் ஒரே வாய் இரண்டையும் சொல்லியிருக்கக்கூடும். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. சகிப்புத்தன்மையையும் பிரிந்து வாழ்தலையும் தலைப்பிலேயே இணைத்துவிட்டார்கள். இந்தியருக்கு இவை ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல என்பது அவர்கள் கண்ட முடிவு. இம்முடிவை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. மதிக்கிறோம் என்று சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை. அண்டை வீடு என்றவுடன் செலவு தொடங்குகிறது. மேலும், வினாவில் இருந்த சொல் மதித்தல்; தலைப்பில் வந்த சொல் சகித்தல். நாம் வெயிலைச் சகிக்கிறோம், பல்வலியைச் சகிக்கிறோம். மக்கள் சொன்ன விடையைக் காட்டிலும் தலைப்பே உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது.

குடியேறிய இஸ்லாமியரைக் குறித்து மேலை நாடுகள் நடத்தும் கணிப்புகளில் குறை வேறு உருவில் வருகிறது. 2016இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக ஐ.சி.எம். நிறுவனம் 1,081 இஸ்லாமியரை வினவியது. மனைவி எப்போதும் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றோர் 39 விழுக்காடு. இத்தகைய விடைகளே பேசுபொருளாயின. பிரிட்டன் தம் நாடு என்ற வலுவான உணர்வு உடையோர் 86 விழுக்காடு என்ற விடை, அதே கணிப்பில் இருந்தும், பின்னுக்குப் போயிற்று. வினவப்பட்டவர்களோ, இஸ்லாமியர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாழும் பகுதிகளிலிருந்து மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டோர். கீழ்ப்படிதல் பற்றிய அவ்வினாவை நம் அன்பியக் கூட்டங்களில் கேட்டால் விடை 39 விழுக்காட்டோடு நிற்குமா? அவ்விடையைக் கொண்டு நம்மை இந்நாட்டுக்கு அந்நியர் என எவரேனும் முடிவு கட்டினால் ஒப்புவோமா? 1937இல் அமெரிக்காவின் காலப் நிறுவனம், தகுதியுள்ள கத்தோலிக்கர் ஒருவரைக் குடியரசுத் தலைவராக்க வாக்களிப்பீர்களா என்று வினவியபோது ஆம் என்றோர் 60 விழுக்காட்டினரே. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சென்று குடியேறிய நம் மறையினர், நாட்டைவிட உரோமைக்கே கட்டுப்பட்டவர்கள் என்ற ஐயத்துக்கு அங்கே ஆளாகியிருந்தார்கள்.

மதுரைக்கு வந்தால், குடியேறியோர் என்ற சொல்லே பொருந்தாமல் போகிறது. மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் காஜிமார் பெரிய பள்ளிவாசல் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா. சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கும் கள்ளழகர் வண்டியூருக்குச் சென்று துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்பது மக்கள் வழக்கு. தெய்வத்துக்கே இஸ்லாமியப் பெண்ணைத் துணையாக்கிக் கதை சொன்ன ஊர் இது. ஆனால் தம் சமயப் பெண்கள் வேறு சமயத்தில் மணம் புரிவதைத் தடுப்பது மிக முக்கியம் என்று பியூ கணிப்பில் கூறிய இந்துக்கள் 67 விழுக்காடு, இஸ்லாமியர் 80 விழுக்காடு. கதை வேறு, மகள் வேறு போலும்! முருகன் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் உள்ள திருப்பரங்குன்றத்தில் 2025 பிப்ரவரியில் தடை உத்தரவு போடும் நிலை வந்ததையும் இந்த ஊர் பார்த்துவிட்டது.

கிறிஸ்தவரில் அவ்வாறு கூறியோர் 37 விழுக்காடு மட்டுமே. நாம் மகிழ்ந்துகொள்ள இதில் அதிகமில்லை. நம் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களில் 'ஆர்.சி.' என்ற எழுத்துகளை அடுத்துச் சாதிப் பெயர் வருவதை எந்த ஞாயிறு நாளேட்டிலும் காணலாம். திருமுழுக்குப் பெறாதவரை மணக்கத் திருச்சபையும் ஆயரின் விதிவிலக்கைக் கேட்கிறது. ஆகவே திருமண வினாவுக்கு 'தடுக்க வேண்டும்' என்றவர் அனைவரையும் வெறுப்பாளர் என்று நாம் சொல்ல மாட்டோம். நம்பிக்கை பிள்ளைகளோடு தொடர வேண்டும் என்ற பெற்றோரின் அச்சமும் அதில் உண்டு. அச்சத்தையும் வெறுப்பையும் ஒரே கட்டத்தில் குறித்துக்கொண்டதே வினாத்தாளின் பெருங்குறை. அண்டை வீட்டு வினாவுக்கு இந்தச் சாக்கு கிடையாது. அடுத்த வீட்டில் ஒருவர் குடியிருப்பதால் எவருடைய நம்பிக்கையும் குறைந்துவிடாது.

நல்ல சமாரியர் உவமை ஒரு வினாவிலிருந்தே பிறந்தது. தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று வகைப்பாடு கேட்டு வந்தார் திருச்சட்ட அறிஞர். அடிபட்டவனுக்கு அடுத்திருப்பவராக ஆனவர் யார் என்று அவரையே திருப்பிக் கேட்டார் ஆண்டவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபரில் வெளியிட்ட 'ஃப்ரதெல்லி தூத்தி' திருமடலில் ஓர் அதிகாரத்தையே இவ்வுவமைக்கு ஒதுக்கினார். ஏற்பீர்களா, மாட்டீர்களா என்று கேட்கும் கணிப்போ நம்மை நீதிபதி இருக்கையில் அமர்த்திவிட்டு, அண்டையாரைக் கூண்டில் நிறுத்துகிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. டில்லித் தலைநகர்ப் பகுதியில் சுகதேவ் தோரட்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் கருத்தைக் கேட்கவில்லை. வாடகைக்கு வீடு கேட்டார்கள். உயர்சாதி இந்துக்களாகவும், தலித்துகளாகவும், இஸ்லாமியராகவும் வீட்டு உரிமையாளர்களை அணுகினார்கள். 2015இல் வெளியான அவ்வாய்வில் மிகுதியாக மறுக்கப்பட்டோர் இஸ்லாமியரே. இதே ஆய்வை மதுரையில் நடத்தினால் புதூரிலும் ஞானஒளிவுபுரத்திலும் அண்ணாநகரிலும் மாடிப் பகுதியை வாடகைக்கு விடும் நம் இறைமக்களின் அழைப்பு மணியும் ஒலிக்கும். தரகர் முதலில் பெயரைச் சொல்வார். முன்பணமும் வாடகையும் அதன் பின்னரே. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்று நாம் மென்மையாகக் கூறும் விடையை அந்த ஆய்வு மறுப்பு என்ற கட்டத்தில்தான் எழுதிக்கொள்ளும்.