நாவுக்கரசர் மூழ்கிய பொய்கை

திருநாவுக்கரசர் கயிலை நோக்கிச் சென்ற செலவினைப் பாடுமிடத்துச் சேக்கிழார் ஒரு நீர்நிலையைக் குறிக்கின்றார். அடிகள் அதன்கண் மூழ்கித் திருவையாற்றிலுள்ள வாவியொன்றில் எழுந்தனர் என்பது பெரியபுராணம். அந்நீர்நிலை திபெத்திலுள்ள மானசரோவர் ஏரியே என்னும் கருத்து இன்று பரவியுள்ளது. அவ்வேரிக்கரையை அடையும் தமிழடியார் பலர் அப்பரை நினைந்தே அங்கு நீராடுகின்றனர். அவர்தம் அன்பினை ஆராய்தல் நம் நோக்கமன்று. ஆயின் வகுப்பறைகளிலும் இக்கருத்து ஐயமின்றிச் சொல்லப்படுதலின், மூலநூல் இதற்கு இடந்தருகின்றதா எனக் காண்டல் வேண்டும்.

முதற்கண் அவ்வேரியின் இயல்பு அறியத்தக்கது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில், சூழ்ந்துள்ள மலைகளின் பனியாறுகள் உருகி வரும் நீரைப் பெற்றுக் கிடப்பது அது. பரப்பு ஏறக்குறைய 410 சதுர கிலோமீட்டர். 1907ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் சுவென் ஹெடின் படகில் சென்று நூலிட்டு அளந்து, அதன் ஆழம் 80 மீட்டருக்கும் மேற்பட்டதெனக் கண்டார். 1936-37ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அதன் கரையிலேயே கழித்த சுவாமி பிரணவானந்தர், நீர்ப்பரப்பு முழுதும் உறைந்து இறுகுவதையும் பின்னர் வேனிற்காலத்தில் பனிப்பாளம் பிளந்து உடைவதையும் நாள்தோறும் குறித்து வைத்தார். மேற்கே இராட்சச தாலம் என்னும் உவர்நீர் ஏரி உள்ளது. வடக்கே கயிலைமுடி நிற்கின்றது. வானம் தெளிந்த நாளில் தென்கரையில் நிற்போர் கண்களுக்கு அம்முடி நேரே புலனாகும்.

இவ்விறுதிச் செய்தி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. சேக்கிழார் வாக்கின்படி நாவரசர் கயிலையைக் காணவில்லை. காசியில் உடன்வந்த தொண்டரை நிறுத்தித் தனியே புறப்பட்ட அவர்க்குத் தாள்கள் தேய்ந்தன. கைகளால் தாவிச் செல்ல அவையும் தேய்ந்தன. மார்பினால் ஊர, மார்பும் சிதைந்தது. புரண்டு செல்லலும் இயலாதாயிற்று. அந்நிலையில் முனிவர் வடிவில் தோன்றிய இறைவன், மானிடர் அடைதற்கரிய மலை அது, மீள்க எனப் பணிக்கின்றான். கயிலையில் அவன் இருக்கையைக் கண்டாலன்றி அழியும் இவ்வுடலோடு திரும்பேன் என்று மறுக்கின்றார் அடிகள். அவர் கிடந்தது மானசரோவரின் கரை எனக் கொள்வோமாயின், தலையை உயர்த்திய அளவில் மலை தெரிந்திருக்குமன்றோ? காணப்பெறாமையே இப்பகுதியின் உயிர். அதனை எடுத்துவிடின் முனிவர் தடையும் பொருளற்றுப் போம். அடிகள் மறுப்பும் பொருளற்றுப் போம்.

இனி, புலவர் அவ்விடத்தை எங்ஙனம் புனைந்தார்? அங்கே பனி இல்லை, குளிர் இல்லை. முனிவர் அதனை வெயிலின் வெம்மை மிக்க சுரமென்றே சுட்டுகின்றார். இது தமிழ்ப் புலவர் நெஞ்சில் ஊறிய பாலைநிலம். இமயத்தைச் சேக்கிழார் நேரிற் கண்டாரல்லர் என்று இதனை எளிதில் குறைகூறிவிடலாம். யான் அங்ஙனம் கருதவில்லை. அரியதொன்றை நாடி உடல் தேய நடப்பார்க்கு ஏற்ற நிலம் பாலையே என்பது நம் மரபு. புலவர் மரபுவழியே சென்றார்.

எல்லாவற்றினும் வலிய சான்று மற்றொன்று. அந்நீர்நிலை ஆண்டு முன்னரே இருந்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. முனிவராய் நடந்து வந்த இறைவன் தடமொன்றையும் உடன் கொண்டு வந்தான் என்றே பாடுகின்றார். நடந்து வரும் குளம்! இதனை ஊன்றிப் படிப்பார் சிலரே. கொண்டுவரப்பட்ட நீர்நிலைக்கு நிலப்படத்தில் இடந்தேடுதல் எவ்வாறு பொருந்தும்?

பின்னொரு செய்யுளில் அதனைப் பனிமலைப் பொய்கை என்னும் பொருள்படச் சுட்டுகின்றாரே எனின், அது மெய்யே. எதிர்க்கட்சியார்க்குரிய ஒரே பற்றுக்கோடும் அதுவே. ஆயின் அச்செய்யுள் அடிகள் ஐயாற்றில் எழுந்ததைக் கூறுவது. மூழ்கிய நீர் வடக்கே இமயத்தது, எழுந்த நீர் தெற்கே காவிரி நாட்டது என இரண்டன் சேய்மையைக் காட்டவே அவ்வடை வந்தது. இமயச் சார்பு அதனாற் பெறப்படும், மானசரோவர் பெறப்படாது.

உடன் கொண்டு வந்தமைக்குக் காரணமும் ஆசிரியரே கூறியுள்ளார். நாவரசர் இவ்வுலகில் மேலும் தமிழ் பாடவேண்டும் என்பதற்காகவே கயிலையை அணைய இறைவன் அருளவில்லையாம். காரைக்காலம்மையார் அம்மலையைத் தலையால் நடந்து அடைந்தார். சுந்தரர் வெள்ளையானைமேல் சென்றார். சேரமான் பெருமாள் குதிரையில் விரைந்தார். அவர்க்கெல்லாம் வழிவிட்ட கயிலை, நாவரசர்க்கு மட்டும் மூடப்பட்டது. தேய்ந்த உடல் மூழ்குவதற்கு முன்பே இறைவன் சொல்லால் முழுமை பெற்றுவிட்டது; ஆதலின் பொய்கையின் பணி நோய் தீர்த்தலும் அன்று. அடியவரைப் பாட்டிற்குத் திருப்பியனுப்பும் வாயிலாகவே அது நிற்கின்றது.

திருவையாறு அவ்வருளுக்கு உரிய இடமானதும் தற்செயலன்று. சேக்கிழார்க்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்பே, அக்கோயில் வளாகத்தில் முதலாம் இராசராசன் தேவி வடகயிலாயத்தையும், முதலாம் இராசேந்திரன் தேவி தென்கயிலாயத்தையும் எடுப்பித்திருந்தனர். கயிலை ஐயாற்றில் உண்டு என்பதனைக் கல் முன்னரே கூறிவிட்டது. புராணம் அக்கல்லிற்குக் கதை தந்தது எனல் தகும்.

இதற்கு மூலமெனப்படும் திருவையாற்றுப் பதிகத்தைப் புரட்டுவார்க்கு இன்னுமொரு வியப்பு. அதில் இமயமும் இல்லை, மூழ்கிய பொய்கையும் இல்லை. சுவடு படாது ஐயாறு அடைந்ததாக வரும் ஒரு தொடரே வியத்தகு வருகைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. அதற்கும் வேறு பொருள் கொள்ளுதல் கூடும். பூவும் நீரும் சுமந்து கோயில் புகுவார் பின்னே அடிகள் செல்கின்றார். வழியிற் கண்டவை பிடியொடு வரும் களிறு, பெடையொடு கூடிய குயில், அன்னம், மயில், நாரை, கிளி, நாகொடு வரும் ஏறு. அனைத்தும் காவிரிக்கரையில் எவரும் நாளும் காண்பனவும் கேட்டறிந்தனவுமே.