செருப்புக்குப் பிறகு என்ன ஆச்சு?

திருமலைராயன்பட்டினம் என்றதும் உங்களுக்குக் காளமேகம்தான் ஞாபகத்துக்கு வருவார். மண்மாரி பெய்யட்டும் என்று ஊரையே சபித்துவிட்டுப் போனதாகக் கதை சொல்வார்களே, அந்தக் கோபக்காரப் புலவர். நான் சொல்ல வந்தது வேறொரு கோபக்காரரைப் பற்றி. அவர் புதுச்சேரிக்காரர். ஆனால், அவர் கிளப்பிவிட்ட விவகாரம் காரைக்கால் வட்டாரத்தையும் சும்மா விடவில்லை.

பொன்னுத்தம்பிப் பிள்ளை. வக்கீல். 1873-ல் புதுச்சேரி கோர்ட்டுக்குள் ஐரோப்பிய பாணி ஷூவும் காலுறையும் மாட்டிக்கொண்டு நுழைந்தார். இந்திய உடையில் வருகிறவர் காலணியை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீதிபதி தடுத்தார். இவர் விடவில்லை. கேஸ் பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜெயித்தார்.

இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. வரவுப் பக்கத்தை மட்டும் காட்டி, செலவுப் பக்கத்தை மடித்து வைத்தால் அதற்குப் பேர் கணக்கா? நான் படித்த பி.காம். அப்படிச் சொல்லித் தரவில்லை.

பாக்கிக் கதை இது. 1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. இந்தியர் யார் வேண்டுமானாலும் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். ஒருமுறை கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், திரும்பப் போக முடியாது. கூடவே ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ரெனோன்சான் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர் நம் வக்கீல்தான். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று அர்த்தம். கோர்ட் வாசலில் நிறுத்தப்பட்டவர் வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள்!

யார் பின்னால் போனார்கள்? பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்கு இது வெறும் ஃபேஷன் இல்லை. பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த சாதி அடையாளத்தை ஒரு கையெழுத்தில் கழற்றிப் போட முடிந்தது. பொன்னுத்தம்பியின் உண்மையான சாதனை இதுதான் என்பேன். ஷூ கேஸ் அவர் ஒருவர் காலுக்காக.

எதிர்ப்பக்கம் நாடு சண்முக முதலியார். பழைய வழக்கத்தைக் கட்டிக் காக்கும் கூட்டத்தின் தலைவர், தேர்தல் அரசியலில் கெட்டிக்காரர். பிரெஞ்சிந்தியா 1871-லிருந்து பாரீஸ் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டினத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிற நாகூர் பிரிட்டிஷ் சீமை. லண்டன் பாராளுமன்றத்துக்கு அங்கே யாருக்கு ஓட்டு? பட்டினத்தில் ஓட்டு இருந்தது, 1880-ல் கொம்யூனும் மேயரும்கூட வந்தாயிற்று. (கொம்யூன் என்கிற வார்த்தை இன்னும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது.) ஆனால், ஓட்டு எண்ணிக்கை யார் கையில் என்பதுதான் கேள்வி. பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர் பிரெஞ்சுக்காரருக்குச் சமம் என்றால், ரெனோன்சான்கள் ஐரோப்பியரோடு ஒரே வாக்காளர் பட்டியலில்தானே இருக்க வேண்டும்? 1884-ல் மூன்று பட்டியல் போட்டார்கள் சார். ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று.

பெயரை விட்டாச்சு, வழக்கத்தை விட்டாச்சு, திரும்பிப் போகவும் வழியில்லை. சமத்துவம் கேட்டால் தனி வரிசை. கதவு திறந்ததாகச் சொல்கிறவர்கள், உள்ளே போட்ட இந்தத் தடுப்பைச் சொல்வதில்லை. சண்முக முதலியார் பக்கம் எவ்வளவு பலமாக இருந்தது என்பதையும் சொல்வதில்லை. எதிராளியைச் சிறிதாக்கினால் நாயகன் பெரிதாகிவிடுவானா என்ன? பாரீஸில் ஒரு தீர்ப்பு வாங்கியதைவிட, தன் ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் ஆதிக்கம் செலுத்திய ஒரு கூட்டத்தை எதிர்த்து நின்றது கஷ்டமான வேலை.

1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைப்பு முடிந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள் என்று ஆறு மாசம் டைம் கொடுத்தார்கள். சுமார் ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதில் லப்போர்த் வழியில் பெயர் மாற்றிய குடும்பங்களின் வாரிசுகளும் உண்டு.