ஏடும் குளம்பும்: பந்தயக் குதிரைத் தேர்வு குறித்து ஒரு மதிப்பீடு

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பஸ்ராவின் மொழியறிஞர்களுள் முதன்மை பெற்றிருந்த இருவர் அபூ உபைதாவும் அல்அஸ்மயீயும் ஆவர். இருவருமே குதிரையைப் பற்றி நூல் எழுதியிருந்தனர். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அமைச்சராயிருந்த ஃபழ்ல் இப்னு ரபீஉ ஒருமுறை அவ்விருவரிடமும் நூலின் அளவை வினவினார். அஸ்மயீயின் நூல் ஒரே தொகுதி. அபூ உபைதாவின் நூலோ ஐம்பது தொகுதி. அமைச்சர் ஒரு குதிரையைக் காட்டி, அதன் ஒவ்வோர் உறுப்பின் மீதும் கை வைத்துப் பெயர் கூறுமாறு அபூ உபைதாவைக் கேட்டுக்கொண்டார். தாம் கால்நடை வைத்தியர் அல்லர் என்றும், அரபுகளின் வாய்மொழியிலிருந்து திரட்டியதையே எழுதியதாகவும் அவர் விடையளித்தார். அஸ்மயீ எழுந்து சென்று, உறுப்பு உறுப்பாகத் தொட்டுப் பெயர் கூறி, ஒவ்வொன்றுக்கும் கவிதைச் சான்றும் தந்தார். குதிரை அவருக்கே பரிசாயிற்று. அபூ உபைதாவைச் சீண்ட விரும்பியபோதெல்லாம் அக்குதிரையின் மீதேறியே அவரைக் காணச் சென்றதாக அஸ்மயீ கூறியதை இப்னு கல்லிகான் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சி நகைத்து விடுவதற்கு மட்டும் உரியதன்று. ஒரு பொருளைப் பற்றிய செய்திகளை அறிதல் வேறு, அப்பொருளை அறிதல் வேறு என்பதை இது உணர்த்துகிறது. அமெரிக்காவின் கென்டக்கியிலுள்ள கீன்லாந்திலும் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டிலும் ஆண்டுதோறும் நடைபெறும் ஓராண்டுக் குட்டிகளின் ஏலத்தில் இவ்வேறுபாடு பெரும் பணமாகவே அளக்கப்படுகிறது. ஒரு பந்தயமும் ஓடாத குட்டியின் எதிர்காலத்துக்கு அங்கே விலை பேசப்படுகிறது. வளைகுடா ஆட்சியாளர் குடும்பங்கள் அச்சந்தையின் பெரும் புரவலர்களுள் அடங்குவர். பந்தயத்தைச் சூழ்ந்துள்ள சூதாட்டத்தின் விலக்கு தெளிவானது. அது நம் ஆய்வுப் பொருளன்று. அம்மதிப்பீட்டு முறை அறிவின் அளவுகோலிலும் வாணிப நேர்மையின் அளவுகோலிலும் எந்த அளவு தேறுகிறது என்பதே நம் வினா.

முதலில் ஏட்டைப் பார்ப்போம். ஏலப் பட்டியலில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. மேலே தந்தைவழி, கீழே முதல் தாய், இரண்டாம் தாய், மூன்றாம் தாய் என வரிசை. உயர்நிலைப் பந்தயங்களில் வென்ற, இடம்பெற்ற குதிரைகளின் பெயர்கள் தடித்த எழுத்தில் அச்சாகும். பழகாத கண் அத்தடித்த எழுத்துகளை எண்ணி மயங்கும். பழகிய கண்ணோ அவை எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார்க்கும். மூன்றாம் தாயின் கீழ் ஒளிரும் வெற்றியாளர் இக்குட்டிக்குத் தொலைவான உறவே. முதல் தாய் பல குட்டிகள் ஈன்றும் அவளுக்குக் கீழே சொல்லத்தக்கது ஒன்றும் இல்லையெனில், அந்த மௌனமே அப்பக்கத்தின் முதன்மைச் செய்தி. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவையே உடன்பிறப்புகளாகக் கருதப்படும். புகழ்பெற்ற பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்குதிரைகளோடு சேர்வதால் தந்தைவழி ஒற்றுமை மலிவானது.

வம்ச அறிவை நாம் இகழவில்லை. அரபுகளின் வமிசாவளியைத் தொகுத்த ஹிஷாம் இப்னு அல்கல்பீயே குதிரைகளின் வமிசாவளியையும் எழுதினார். இன்றைய பந்தய இனத்தின் ஆண்வழிகள் அனைத்தும் டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன், பையர்லி துருக் ஆகிய மூன்று கீழைத்தேயக் குதிரைகளில் சென்று முடிகின்றன. நல்ல வம்சக் குட்டிகள் சராசரியில் மேம்பட்டவையே. ஆயினும் வாங்குபவர் சராசரியை வாங்குவதில்லை. ஒற்றைக் குட்டியை வாங்குகிறார். 2010இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, மயோஸ்டேட்டின் என்னும் மரபணுவின் வகையைக் கொண்டு ஒரு குதிரை குறுந்தொலைவுக்கு உரியதா, நெடுந்தொலைவுக்கு உரியதா என்று கணிக்க வழி காட்டியது. எத்தொலைவு பொருந்தும் என்பதைத்தான் அது கூறும்; அத்தொலைவில் அது வெல்லுமா என்பதைக் கூறாது.

அடுத்து உடல். தேர்ந்த வாங்குநர் குட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தித் தோளின் சரிவையும் முதுகின் நீளத்தையும் பார்க்கிறார். முன்னே நின்று முழங்கால் நேர்கோட்டில் அமைந்துள்ளதா, குளம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியுள்ளதா என நோக்குகிறார். முழங்கால் பின்னோக்கி வளைந்திருப்பின் வேகத்தின் சுமையை அது தாங்காது என அஞ்சுகிறார். பின்பு நடக்கவிட்டு, பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று கவனிக்கிறார். வட கோளத்தில் இவ்வினக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1ஆம் நாளே பிறந்தநாள் என்பதால், மே மாதத்தில் பிறந்த குட்டி நான்கு மாத மூப்புடைய குட்டியோடு ஒரே வயதினதாக நிறுத்தப்படுகிறது. பருத்ததைக் கண்டு வளர்ந்ததென்றும், சிறுத்ததைக் கண்டு குறையுடையதென்றும் கொள்ளும் பிழை இங்கிருந்தே பிறக்கிறது.

இக்கலையின் வேர்கள் நம் மரபில் ஆழமானவை. குளம்பின் அடிச்சதையைக் கழுகின் பெயரால் 'நஸ்ர்' என்றும், இடுப்பெலும்பின் முனையைக் காகத்தின் பெயரால் 'குராப்' என்றும் அரபுகள் அழைத்தனர். உறுப்புகளை இத்தனை நுணுக்கமாகப் பெயரிட்டவர்கள் அவற்றை அத்தனை நுணுக்கமாகப் பார்த்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். கலீஃபா உமர் (ரலி) காலத்தில் குதிரைகளைத் தரம் பிரித்தவராக அறியப்படும் ஸல்மான் இப்னு ரபீஆ, நீர்த்தொட்டியைத் தரையில் வைக்கச் செய்வார். முன்னங்காலை மடக்காமல் குனிந்து பருகியதைத் தூய இனமென்றும், மடக்கியதைக் கலப்பென்றும் கொள்வார். கழுத்தும் காலும் தம்முள் இசைந்த அளவுடையனவா என்பதை ஒரு தொட்டி நீரைக் கொண்டு அறியும் சோதனை அது. உரிமையாளர் கூறும் வமிசாவளி அங்கே சான்றாக நிற்கவில்லை. குதிரையே சான்று கூறியது.

எனினும் உடலும் முழுமையாகப் பேசிவிடுவதில்லை. கனடாவில் 1961இல் மே மாத இறுதியில் பிறந்த நார்தர்ன் டான்சர் என்னும் குட்டி, ஓராண்டில் 25,000 டாலருக்குக் கொள்வாரின்றி நின்றது, உருவம் சிறிது. அதுவே 1964இல் கென்டக்கி டெர்பியை வென்றது. அதன் மகன் ஸ்னாஃபி டான்சர் 1983இல் 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஒரு பந்தயமும் ஓடவில்லை. வெளிநோக்கித் திரும்பிய முன்னங்காலுடைய சியாட்டில் ஸ்லூ 1975இல் 17,500 டாலருக்கு விலைபோய், 1977இல் அமெரிக்காவின் மும்முடியைத் தோல்வியே காணாமல் சூடியது. அதே தாய் வயிற்றில் பிறந்த சியாட்டில் டான்சருக்கு 1985இல் கொடுக்கப்பட்ட விலை 1 கோடியே 31 லட்சம் டாலர். அது நல்ல குதிரையாயிற்று, அண்ணனாகவில்லை. பின்வளைந்த முழங்காலுடைய ஜான் ஹென்றி 1,100 டாலருக்கு விற்கப்பட்டு, 65 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது.

இவற்றிலிருந்து தேர்வே வீண் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். விலை எதை அளக்கிறது என்பதே கேள்வி. ஏலத்தில் இறுதி விலை, விட்டுக்கொடாத இருவருடைய ஆசையின் அளவே தவிர, குதிரையின் அளவன்று. 2006 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் கிரீன் மங்கி என்னும் இரண்டு வயதுக் குதிரை, ஏலத்துக்கு முந்திய ஓட்டத்தில் ஒரு ஃபர்லாங்கை 9.8 நொடியில் கடந்தது. இரு பெரும் நிறுவனங்கள் மோதின. விலை 1 கோடியே 60 லட்சம் டாலராயிற்று. அக்குதிரை மூன்று முறை ஓடி ஒருமுறையும் வெல்லவில்லை. எலும்பு முற்றாத வயதில் சில நொடி மின்னலுக்காகக் குட்டியைத் தயார் செய்யும் இம்முறையில் ஓட்டமே காட்சிப்பொருளாகிறது. இறைத்தூதர் (ஸல்) அவர்கள் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு நெடுந்தொலைவும் பயிற்றுவிக்கப்படாதவற்றுக்குக் குறுந்தொலைவும் வகுத்துப் பந்தயம் நடத்தியதை இங்கு நினைவுகூர்வது தகும்.

காட்சிக்காகச் செய்யப்படுவது ஓட்டம் மட்டுமன்று. வளைந்த காலை நேராக்கக் குட்டிப்பருவத்திலேயே எலும்பில் திருகாணி பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. கால் நேராகலாம், அதை வளைத்த மரபு நேராகாது. பால் மிகுதியெனக் காட்ட மடியைக் கட்டிவைத்து விற்கப்பட்ட கால்நடையை வாங்கியவருக்கு அதைத் திருப்பித் தரும் உரிமையை நபிமொழி வழங்குகிறது. பொய்யாக விலையேற்றும் 'நஜஷ்' தடுக்கப்பட்டது. ஏலம் என்னும் முறை தன்னளவில் ஆகுமானதே. இன்றைய ஏல மனைகளிலும் எக்ஸ்கதிர்ப் படங்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. குறிப்பிட்ட சில குறைகளுக்காகக் குதிரையைத் திருப்பும் விதிகளும் உள்ளன. ஆயினும் உரிமையாளர் தாம் குறித்த அடித்தள விலைவரை தம் குதிரைக்குத் தாமே கேட்பு எழுப்ப விதிகள் இடந்தருகின்றன. இது நஜஷின் எல்லையைத் தொடுகிறதா என்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் ஆராய வேண்டும்.

பிறரைக் குறைகூறி முடிப்பது எளிது. நம் கரையின் வரலாறும் இதே கேள்வியை நம்மிடம் கேட்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஅபர் எனப்பட்ட பாண்டிய நாட்டுக்கு வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கின. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தீனார் என ஒப்பந்தம் கொண்டிருந்ததாகவும், கடலில் மாண்டவற்றின் விலையும் பாண்டியன் கருவூலத்திலிருந்தே தரப்பட்டதாகவும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பேணத் தெரியாமையால் குதிரைகள் விரைந்து மடிந்தன என்றும், விற்பனை குறையாதிருக்க வணிகர்கள் குதிரை வைத்தியரை அங்கு வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் இருவர் கூற்றையும் சேர்த்துப் பார்க்கையில், கேடு முழுவதும் வாங்குபவர் தலையிலும் அறிவு முழுவதும் விற்பவர் கையிலும் இருந்த ஒரு வாணிபம் தெரிகிறது. அவ்வணிகத்தின் செழிப்பைப் பெருமையோடு எழுதும் நம் கட்டுரைகள் இப்பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

அபூ உபைதாவுக்கும் நாம் நீதி செய்தாக வேண்டும். அவர் தோற்றார், ஆனால் தாம் அறிந்தது எது, அறியாதது எது என்பதை அவையில் மறைக்கவில்லை. ஏட்டைப் படிப்பவரும் காலைத் தடவிப் பார்ப்பவரும் கடைப்பிடிக்க வேண்டிய முதல் ஒழுங்கு அதுவே. ஒரு குட்டியின் நெஞ்சுரமும் ஓடும் விருப்பமும் எந்த ஏட்டிலும் இல்லை, எந்தக் கைக்கும் அகப்படுவதில்லை. மனிதரை வம்சத்தால் அளக்காதீர் என்று போதிக்கப்பட்ட சமுதாயம், குதிரையை அளக்கும்போதாவது, தன் கணிப்புக்கு அப்பால் எஞ்சி நிற்பதை ஒப்புக்கொள்ளப் பழக வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாத விலை எவ்வளவு உயர்ந்தாலும், அதை மதிப்பீடு என்று நாம் அழைப்பதற்கில்லை.