நலிவுக்காலச் சித்திரங்களும் மறுபதிப்புச் சேகரிப்பும்

நூற்சேகரிப்பாளர் முதற்பதிப்புக்கு அளிக்கும் மதிப்பை மறுபதிப்புக்கு அளிப்பதில்லை. பழமையும் அருமையுமே அவர்தம் அளவுகோல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றிய நலிவுவாத இலக்கியத்தின் சிருங்காரச் சித்திரங்களை நோக்குமிடத்து, இவ்வளவுகோல் நூலின் பயன்பெறுமதியை விடுத்துப் பரிவர்த்தனைப் பெறுமதியையே அளக்கின்றமை புலனாகும்.

இத்துறையின் முதன்மை ஓவியர் ஓப்றி பியட்ஸ்லி (1872–1898). ஒஸ்கார் வைல்டின் 'சலோமே' நாடகத்துக்கு அவர் வரைந்தவற்றை ஜோன் லேன் 1894இல் வெளியிட்டபோது சில திருத்தப்பட்டன, சில விலக்கப்பட்டன. விலக்கப்பட்டவை 1907ஆம் ஆண்டு மறுபதிப்பிலேயே இடம்பெற்றன. ஆகவே முழுமையை நாடுவோர் பிந்திய பதிப்பையே தேடவேண்டும். 'லைசிஸ்ட்ராட்டா'வுக்கு வரைந்த எட்டுச் சித்திரங்களை 1896இல் லெனாட் ஸ்மிதேர்ஸ் நூறு பிரதிகளாகத் தனிச்சுற்றுக்கு அச்சிட்டார். கத்தோலிக்கராக மாறியிருந்த பியட்ஸ்லி, 1898இல் மரணத் தறுவாயில், அவற்றை அழித்துவிடுமாறு வேண்டினார். பதிப்பாளரோ அழிக்காது விற்றார். 1966இல் விக்டோரியா அல்பேட் நூதனசாலை அவ்வோவியரின் ஆக்கங்களைச் சிறப்புடன் காட்சிக்கு வைத்திருந்த ஆண்டிலேயே, இலண்டன் கடையொன்றில் விற்கப்பட்ட பிரதிகளைப் பொலிசார் கைப்பற்றினர். செல்வர் அலுமாரியில் கலையாக இருந்தது கடைத்தெருவுக்கு வந்ததும் ஆபாசமாயிற்று. இத்தீர்ப்பின் வர்க்க அடிப்படையை விளக்கவேண்டியதில்லை.

நாயக்கர் காலத்தையும் அதனையடுத்த காலத்தையும் நலிவுக்காலம் எனக் கொள்ளும் வழக்கம் நமது இலக்கிய வரலாற்றிலும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே தஞ்சை மராத்திய மன்னன் பிரதாபசிம்மன் அவையில் விளங்கிய கணிகை முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்துவனம்' இதற்குத் தக்க சான்று. சித்திரமற்ற நூலாயினும் அதன் பதிப்பு வரலாறு மேற்கூறியதை ஒத்தது. 1887ஆம் ஆண்டுப் பதிப்பிலே சிருங்காரப் பாடல்கள் சிலவற்றுடன் ஆசிரியை தமது பெண்வழி மரபைக் கூறும் முன்னுரையும் நீக்கப்பட்டது. ஒழுக்கத்தின் பெயரால் ஒரு பெண்ணின் புலமை மரபும் மறைக்கப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது. தேவதாசி மரபினரான பெங்களூர் நாகரத்தினம்மாள் ஏட்டுப்பிரதியைத் தேடிப் பெற்று, 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆங்கில அரசு 1911இல் அதனைப் பறிமுதல் செய்தது. சுதந்திரத்தின் பின்னர் தடை நீங்க, 1952இல் நூல் மீண்டும் வெளிவந்தது. இங்கும் மறுபதிப்பே மூலத்துக்கு நெருங்கியது.

முற்போக்கு விமரிசகராகிய நாமும் இத்தகைய நூல்களை நிலப்பிரபுத்துவச் சீரழிவு என்று ஒரு சொல்லில் ஒதுக்கியதுண்டு. நலிவு என்பது நுகர்ந்த வர்க்கத்தின் நிலை. அவ்வவையிலே தொழில்புரிந்து வாழ்ந்த கலைஞரின் குரலை அதனோடு ஒன்றாக்குதல் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் ஆகாது. கணிகையின் உழைப்பையும் அறிவையும் காணத் தவறியவிடத்து, நமது தீர்ப்பு குடியேற்ற அரசின் தீர்ப்போடு ஒத்துப்போயிற்று.

வன்னியிலிருந்து இதனைக் கூறுவதற்குக் காரணமுண்டு. 2008–2009 போரிலே மக்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சென்றபோது வீட்டு நூற்சேகரங்கள் பலவும் அழிந்தன. பிரதிகள் பலவாகப் பரவிய நூல்களையே மீளப்பெற முடிந்தது. ஒரே பிரதியாகப் பேணப்பட்டவை ஒரே எரியூட்டலோடு மறைந்தன. எனவே மலிவான மறுபதிப்பைச் சேகரிப்பது இரண்டாந்தரப் பணியன்று. எப்பதிப்பில் எது நீக்கப்பட்டது, எப்போது மீட்கப்பட்டது என்ற குறிப்போடு அவற்றைச் சேர்த்துவைப்பின், வருங்கால ஆய்வாளர் நூலை மட்டுமன்றி அதனை மறைத்த கைகளையும் அறிவர்.