இலை பார்த்துப் பரிமாறுதல்

அசானா என்ற பணி மேலாண்மைச் செயலியில் இருக்கும் வேலைகளை ஏபிஐ வழியாக எடுக்கும்போது எனக்கு முதலில் பிடித்துப்போனது அதன் அளவறிந்த கை. ஒரு புராஜெக்டின் டாஸ்க்குகளைக் கேட்டால் அடையாள எண், பெயர் என்று சுருக்கமாகத்தான் வரும். யார் பொறுப்பு, கெடு என்றைக்கு, முடிந்ததா என்பதெல்லாம் வேண்டுமா? ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிறவரைப் போல, கேட்டது மட்டும் விழும். என்டர் தட்டிய சத்தம் அடங்குவதற்குள் கறுப்புத் திரையில் சுருள் அடைப்புகள் படிப்படியாக உள்வாங்கி இறங்கும் அழகே தனி.

ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100 டாஸ்க்குகள். மிச்சம் இருந்தால் அடுத்த பக்கத்துக்கான சீட்டு பதிலின் கடைசியில் இருக்கும். அதைக் காட்டித்தான் மேலே போகலாம். அவசரப்பட்டு அடுக்கடுக்காகக் கேட்டால் 429 என்ற பதில் வரும், எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்ற குறிப்போடு. மறுப்பதிலும் என்ன மரியாதை! இதற்கெல்லாம் இடம் கொடுத்து, சொன்ன நேரம் காத்திருந்து, சீட்டு தீரும்வரை நிதானமாகச் சுற்றிவரும் சின்னப் பைத்தான் நிரலைப் படிப்பது எனக்கு நல்ல கைவேலையைத் தொட்டுப் பார்க்கிற சுகம். துணைப்பணிகளையும் மறக்காமல், தாய்ப்பணியின் எண்ணைச் சொல்லித் தனியே போய் அழைத்துவந்திருந்தால், எழுதியவர் தேர்ந்த கை என்று தயங்காமல் சொல்வேன்.