மரக்காலும் மனஸ்தாபமும்: ‘கருக்கு’ கேட்கும் மனந்திரும்புதல்

பாமாவின் ‘கருக்கு’ நூலை முதன்முதலில் நான் வாசித்தது கல்லூரி விடுதியில். இரண்டாம் முறை வாசித்தது அனுமந்தன்பட்டியில், எங்கள் வீட்டுத் திண்ணையில், வாய்விட்டு. கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் வயலில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாற்று நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்தவர். பிற்காலத்தில், விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு அப்பாலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வந்தவர். எங்களைப் போலவே ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர். என் அம்மாவைவிட மூத்த அவரை எங்கள் வீட்டில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம், நான் உட்பட. அன்றும் நான் திண்ணையில் இருந்தேன், அவர் கீழே படியில் இருந்தார்.

ஒரு பகுதியை வாசித்து நிறுத்தியபோது அவர் கேட்டார்: “மரக்காலக் கொறச்சு அளந்தத உங்க தாத்தா என்னைக்காச்சும் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருப்பாரா தாயி?”

அறுப்புக் கூலியை நெல்லாக அளந்து கொடுத்த காலத்தைப் பற்றிய கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. ஆனால் ‘கருக்கு’ நூலுக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இதுவரை எந்த ஆய்விதழிலும் வாசித்ததில்லை. மனந்திரும்ப வேண்டியவர் யார், அந்த மனந்திரும்புதல் உண்மையா என்று தீர்மானிப்பவர் யார் என்ற இரண்டையும் அது ஒன்றாகக் கேட்டுவிடுகிறது.

கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்த பெண்களுக்கு இந்தச் சடங்கு தெரியும். இன்று ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கிறார்கள். எங்கள் பாட்டிமாருக்கு அது பாவசங்கீர்த்தனம். எட்டு ஒன்பது வயதில் முதல் நற்கருணைக்குத் தயாராகும்போதே பாவப் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்துவிடுவோம்: பொய் சொன்னேன், அம்மா சொல் கேட்கவில்லை, செபம் சொல்ல மறந்தேன். பிறகு உத்தம மனஸ்தாப மந்திரம், பிறகு அபராதமாக மூன்று அருள் நிறை மந்திரம். வயது ஏற ஏறப் பெண்களின் பட்டியல் நீளும்: கணவனை எதிர்த்துப் பேசினேன், மாமியாரை மனதுக்குள் திட்டினேன். சொல்பவள் முழந்தாளிட்டிருப்பாள். கேட்பவர் எப்போதும் ஆண். கீழே இருக்கிறவள் மேலே பார்த்துத் தன் குற்றத்தைச் சொல்வது என்ற இந்த அமைப்பைத்தான் பாமா தன் எழுத்தில் தலைகீழாக்குகிறார்.

1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த ‘கருக்கு’ ஒரு துறவி மடத்தைவிட்டு வெளியேறிய பின் எழுதிய தன்வரலாறு. தமிழ்த் தலித் தன்வரலாறுகளில் முன்னோடி எனப் பேசப்படுவது. 2000இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து, க்ராஸ்வேர்ட் விருதும் பெற்றது. சாதி, கல்வி, பேச்சு மொழி ஆகிய கோணங்களில் இந்நூலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இது முதன்மையாக ஒரு விசுவாசத்தின் வரலாறு என்பது மட்டும் நம் பெண்ணிய வாசிப்புகளில் ஓரமாகவே நின்றுவிடுகிறது. மதம் பற்றிய கூச்சம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

திண்ணையில் நான் வாசித்த பகுதி தேங்காய் நிகழ்ச்சி. பள்ளியில் சாய்ந்து வளர்ந்த தென்னைமரத்தில் ஏறிப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்தச் சிறுமி தொட்டதும் இளங்காய் ஒன்று விழுந்துவிடுகிறது. மறுநாள் எல்லார் முன்னிலையிலும் தலைமையாசிரியர் அவளைச் சாதிப்பெயர் சொல்லித் திருடி என்கிறார். வகுப்புக்குள் நுழைய வேண்டுமானால் பங்குச்சாமியாரிடம் சீட்டு வாங்கி வரவேண்டும். நடந்ததைச் சொல்லி நம்பச் சொல்கிறவளிடம் சாமியார், அவள் சேரிப் பிள்ளை என்பதையே சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார். கடைசியில் சீட்டு கிடைக்கிறது.

இதை ஒரு பாவசங்கீர்த்தனக் காட்சியாக வாசித்துப் பாருங்கள். குற்றவாளி, விசாரிக்கும் குரு, மன்னிப்பு என எல்லாம் இருக்கின்றன. பாவம் மட்டும் இல்லை. செய்யாத குற்றத்துக்கு அவள் மன்னிப்பு பெறுகிறாள். பொய்க் குற்றம் சுமத்திய இருவருக்கோ மனஸ்தாப மந்திரம் தேவைப்படவில்லை. பிறப்பையே பாவமாக வைத்துவிட்டால் மனந்திரும்புதலுக்கு இடமே இல்லாமல் போகிறது. பிறந்ததற்காக ஒருத்தி எப்படி வருந்தித் திருந்த முடியும்?

நூலின் பிற்பகுதியில் அவள் வளர்ந்து ஆசிரியையாகிறாள். ஏழைத் தலித் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்ற கனவோடு துறவு மடத்தில் சேர்கிறாள். அங்கே வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் வசதியாக வாழ்கிறார்கள். பள்ளி பணக்காரப் பிள்ளைகளுக்காக நடக்கிறது. சாதி அங்கும் கேட்கப்படுகிறது. கடவுள் அன்பானவர், பொறுமையும் தாழ்ச்சியும் வேண்டும் என்று கற்பித்தவர்கள், அவர் நீதியானவர், ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பவர் என்பதைக் கற்பிக்கவே இல்லை என்று அவள் தானே விவிலியம் வாசித்துக் கண்டுகொள்கிறாள். ஏழாண்டுகளுக்குப் பிறகு வெளியேறுகிறாள். வேலை இல்லை, தங்க இடம் இல்லை, தனியாக வாழும் பெண்ணுக்கு ஊரில் மரியாதையும் இல்லை. சிறகொடிந்த பறவையாகத் தன்னை உணர்கிறாள்.

‘இரட்சிப்பின் நிச்சயம்’ என்ற சொல்லை இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. அது புராட்டஸ்டண்ட் சபைகளின் சொல். மனந்திரும்பி விசுவாசித்தவர் தான் இரட்சிக்கப்பட்டதை இப்போதே அறியலாம் என்பது அதன் பொருள். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து பொதுச்சங்கத்தில் இதை மறுத்தது. தனி வெளிப்பாடு இல்லாமல் யாரும் தன் மீட்பைப் பற்றி அப்படி உறுதிகொள்ள முடியாது என்றது. ஆனால் நடைமுறையில் மடம் வேறொரு நிச்சயத்தைத் தருகிறது: மூன்று வேளைச் சோறு, படுக்கை, அங்கியால் வரும் மரியாதை, நல்ல வழியில் இருக்கிறோம் என்ற திருப்தி. பாமா இந்த நிச்சயத்தைத்தான் விட்டுவிட்டு வருகிறார். நூலின் முடிவிலும் அவருக்குப் புதிய உறுதி எதுவும் கிடைத்துவிடவில்லை. அடுத்த வேளை என்ன என்று தெரியாத நிலையிலும் பொய்யாக வாழ மாட்டேன் என்கிற மனசாட்சிதான் மிச்சம். உண்மையான விசுவாசம் என்று இந்நூல் எதைக் காட்டுகிறது என்று கேட்டால், அந்த வெளியேற்றத்தைத்தான் சொல்வேன்.

பாமா பிறந்தது 1958இல். சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1858இல், பிறந்த பண்டித ரமாபாயை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெண்ணாகப் பிறந்தவளுக்கு அந்தப் பிறவியிலேயே மோட்சம் இல்லை என்ற சாத்திர விதியைக் கற்று, அதனோடு முரண்பட்டவர் அவர். 1883இல் இங்கிலாந்தின் வாண்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் தன் கேள்விகளைக் கைவிடவில்லை. எதை விசுவாசிக்க வேண்டும், யாருக்குக் கற்பிக்கலாம் என்று ஆங்கிலிக்கத் துறவியரும் ஆயர்களும் வரையறுக்க முயன்றபோது, தன் மனசாட்சியை இன்னொருவரிடம் ஒப்படைக்க மறுத்தார். ஞானஸ்நானத்துக்கு ஏறத்தாழ எட்டாண்டுகள் கழித்தே தனக்கு இரட்சிப்பின் உறுதி கிடைத்ததாகவும், அதுவரை தன்னிடம் இருந்தது கிறிஸ்தவ மதம்தான், கிறிஸ்து அல்ல என்றும் 1907இல் வெளியான தன் சாட்சியத்தில் பதிவு செய்தார். அந்த உறுதி அவரைப் பஞ்சம் பாதித்த இடங்களுக்குக் கொண்டுபோனது. கைவிடப்பட்ட சிறுமிகளையும் விதவைகளையும் மீட்டுவரச் செய்தது.

பிராமணக் குடும்பத்தில் பிறந்த ரமாபாய்க்குத் திருச்சபையில் சுவராக நின்றது அவர் பெண், அதுவும் குடியேற்ற நாட்டுப் பெண் என்பது. பாமாவுக்கு அதற்கு முன்பே இன்னொரு சுவர், சாதிச் சுவர், இருந்தது. ஒருவர் உறுதி பெற்றார், மற்றவர் உறுதியை விட்டு வந்தார். ஆனால் தன் விசுவாசம் உண்மையா என்று சான்றிதழ் கொடுக்கும் அதிகாரத்தை இருவருமே பறித்துக்கொண்டார்கள்.

‘கருக்கு’ மீது எனக்கு ஒரு குறை உண்டு. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி என்பதைப் பதிவு செய்யும் நூல், பாவம் என்ற சொல் பெண்ணின் உடல்மீது எப்படி இறங்குகிறது என்பதற்குள் அதிகம் போகவில்லை. அடிக்கிற கணவன் பூசைக்கு முன் பாவத்தைச் சொல்லிவிட்டு நற்கருணை வாங்குகிறான். அடிபட்டவள் மன்னிக்கவில்லை என்றால் அதுவே அவள் பாவமாகிவிடுகிறது. இந்தக் கணக்கை நான் வளர்ந்த சூழலில் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கே தேவைப்படும் விமர்சனத்துக்கு ‘கருக்கு’ கருவி தருகிறது, தானே அதைச் செய்யவில்லை. தலித் பெண்களின் வாழ்வை மையமாக்கி 1994இல் பாமா எழுதிய ‘சங்கதி’யைச் சேர்த்து வாசித்தால்தான் படம் முழுமையாகும்.

நிறுவனங்களும் மனந்திரும்பலாம்தானே? வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் அதிகாரமேற்புக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அந்த ஆவணக் கணக்குப்படி சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். ஆயர்களில் தலித்துகளோ பன்னிரண்டு பேர். அறிக்கையிடுதல் நடந்திருக்கிறது. ஆனால் பாவசங்கீர்த்தனம் அதோடு முடிவதில்லை என்பது அதே திருச்சபையின் போதனை. வருத்தம், அறிக்கை, பரிகாரம் மூன்றும் வேண்டும். திருடியவர் திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

லூக்கா நற்செய்தியில் சக்கேயு என்கிற வரிதண்டுவோன் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவன். அவன் அழுததாகவோ மந்திரம் சொன்னதாகவோ கதையில் இல்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் எழுந்து நின்று சொல்கிறான். அதற்குப் பிறகுதான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். அவனுக்குக் கிடைத்த நிச்சயம் கணக்குத் தீர்ப்பதோடு சேர்ந்தே வந்தது.

திண்ணைக்குத் திரும்புகிறேன். தாத்தா இறந்துவிட்டார். அவர் சாமியாரிடம் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அந்த மரக்கால் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அந்த நெல்லில் மிச்சம் பிடித்த காசிலும்தான் நான் படித்தேன், ‘கருக்கு’ பற்றி எழுதக் கற்றுக்கொண்டேன். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் அவர் உடனே மன்னித்திருப்பார். அத்தனை ஆண்டுகள் அவருக்குக் கற்பிக்கப்பட்டது அதுதான். அதனால்தான் அன்று கேட்கவில்லை. அளக்காமல் விட்டது எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிரித்தார். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார், எந்த வருஷம், எந்த வயல், எத்தனை பேர் என்று. நான் படியில் இறங்கி உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். கணக்கு இன்னும் முடியவில்லை.