வண்டி மேல வண்டி

"பைக்கை வேன்ல ஏத்திட்டுப் போறதுக்கு எதுக்குடா பைக்கு?" எங்கள் புதுச்சேரி உப்பளத்தில் இதைக் கேட்காத ஆள் கிடையாது. கேட்கட்டும். விழுப்புரத்திலிருந்து ஆத்தூர் வரை நீண்டு கிடக்கும் நாலுவழிச் சாலையில், லாரிகளுக்கு நடுவே, பழைய ஆர்எக்ஸ் 100-ஐ மணிக்கணக்கில் முறுக்கிப் பாருங்கள். கை மரத்துப் போகும். மலையடிவாரம் வரும்போது ஆசையும் வடிந்திருக்கும். சமவெளி வேனுக்கு, மலை பைக்குக்கு. இதுதான் என் கட்சி!

அமெரிக்காவில் இதற்கென்றே 'டாய் ஹாலர்' என்று ஒரு வண்டி உண்டு. முன்னால் படுக்கையும் சமையலறையும், பின்னால் பைக் நிறுத்தும் இடம். பின்கதவே சாய்ந்து பலகையாகிவிடும். நம்மூரில் கேரவன் என்றால் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். அதனால் என்ன? வாடகை பொலேரோ பிக்கப் இருக்கிறதே! குட்டி யானையிலும் இரண்டு பைக் ஏறும். தூரப் பயணத்துக்கு பிக்கப்தான் சுகம்.

ஏற்றுவதே தனி இன்பம். ஆர்எக்ஸ் நூறு கிலோவை ஒட்டியதுதான், பலகை வைத்து இரண்டு பேர் தள்ளினால் சிட்டாக ஏறிவிடும். நண்பனின் புல்லட்டுக்குத்தான் நாலு பேர் வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து விடாதீர்கள். நேராக நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரத்தைக் கேபின் சுவரில் முட்டவைத்து, ஃபோர்க் பாதி அமுங்கும் வரை ராட்செட் பெல்ட்டால் இருபுறமும் இழுத்துக் கட்ட வேண்டும். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும். பெட்ரோல் டேப்பை மூட மறக்காதீர்கள். ஆர்சி, இன்சூரன்ஸ் கையில் இருக்கட்டும். பின்னால் ஆள் ஏறவே கூடாது. அதனால் எங்கள் கொல்லிமலைப் பயணத்தில் நண்பன் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்டான்.

விடியுமுன் அம்பேத்கர் சாலையைத் தாண்டினோம். வில்லியனூர், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி எல்லாம் கேபின் சன்னலில் ஓடிப்போயின. ஓட்டுநர் அண்ணன் இளையராஜா பாட்டைப் போட்டுவிட்டார். நான் பாதித் தூரம் தூங்கினேன், கூச்சமே இல்லாமல்! ஆத்தூரில் பெருஞ்சாலையை விட்டு விலகி, நாமகிரிப்பேட்டை பக்கமாகக் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியில் இறங்கினோம்.

அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, பாதியில் திராட்டிலைத் திறந்தால் அந்த டூ-ஸ்ட்ரோக் கத்துமே... அடடா! பாறையில் பட்டுத் திரும்பி வரும் சத்தத்துக்காகவே அடுத்த வளைவு எப்போது வரும் என்று மனம் ஏங்கும். மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறது, மிளகுக் கொடி கண்ணில் படுகிறது. என் உடம்பில் அலுப்பின் சுவடே இல்லை. செம்மேட்டில் டீ குடிக்கும்போது புல்லட்காரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது மட்டும் அடக்கம் வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் குறைவு. ஆர்எக்ஸில் இருப்பதோ டிரம் பிரேக், பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

போகிறவர்கள் ஆடிப் பதினெட்டை ஒட்டிப் போகாதீர்கள். வல்வில் ஓரி விழாவுக்கு ஊரே மலையேறும், வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மற்ற நாளில் அதிகாலையில் ஏறுங்கள், ரோடு உங்களுக்குத்தான்.